மண்டபத்துத் தண்ணீர்

கொருக்குப்பேட்டை, மூன்றாம் மாடிக்கு மேல் மொட்டைமாடி,
விடியற்காலை நாலே முக்கால்.
யார்டில் கூட்ஸ் வண்டி எதையோ இடித்து நிற்கிறது;
வெள்ளைக் குழாய்களில் நானூற்றுப் பத்து லெட்யூஸ்
ஒருமுறை நடுங்கி அடங்குகின்றன.

மீட்டரின் தொப்பியைக் கழற்றுகிறேன்.
நுனிக் கண்ணாடி காய்ந்தால் பொய் சொல்லத் தொடங்கும்.
வாரம் ஒருமுறை பாக்கெட் உடைத்துக் கரைத்து
ஆறு புள்ளி எட்டு ஆறு என்றால் என்னவென்று
அதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

இங்கே போர் தண்ணீர்
எதுவும் போடுவதற்கு முன்பே இரண்டு புள்ளி ஒன்பது.
இலைக்கு வேண்டியது ஒன்று புள்ளி இரண்டு.
எவ்வளவு உப்பு என்று மீட்டர் சொல்லும்,
எந்த உப்பு என்று கேட்டால் வாயைத் திறக்காது:
கடலா, மணலியா, மூடாத சாக்கடையா.
பிடிவாதம் வேறு.
ராத்திரி ஆசிட் விட்டு ஆறுக்கு இறக்கிப் படுத்தால்
காலையில் ஏழே முக்காலில் உட்கார்ந்திருக்கும்,
நேற்று எதுவுமே நடக்காதது போல.

அதனால் லாரித் தண்ணீர்தான், போன வருஷம் வரை.
ஏழு குடம் பிடித்தேன் ஒரு நாள்.
வரிசையில் பின்னால் நின்ற தேவகிருபை கத்தவில்லை.
குடத்தைக் கீழே வைத்துவிட்டு
"ஷவர்மா கடைக்குப் போற கீரைக்கு ஏழு,
என் வீட்ல அஞ்சு பேருக்கு மூணு" என்றாள்,
குரலே உயராமல்.
குழாயில் ஓடுவது திரும்பத் திரும்ப ஓடும்,
மண்ணில் ஊற்றினால் இதைப்போல் பத்து மடங்கு போகும் என்று
வாய் வரை வந்தது.
நாலு குடத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அந்த வாரம் மீதிக்குப் போர் கலந்தேன்.
பீடி நெருப்பு பட்டது போல் இலை ஓரம் கருகிற்று.
தண்டையார்பேட்டைக் கடையில் இல்யாஸ்
ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கட்டிக் கொடுத்தார்.

பிறகுதான் கண்ணில் பட்டது
எதிர்ச் சந்துக் கல்யாண மண்டபத்தின் பின்சுவர்.
பதினோரு ஏசி, பதினோரு குழாய், சுவர் முழுக்கப் பாசி.
வாட்ச்மேன் செங்கல்வராயன் சிரித்தார்:
"அழுக்குத் தண்ணிம்மா, நாய்கூடக் குடிக்காது."
முதல் வாளி தூசி; கொட்டிவிட்டேன்.
இரண்டாவதில் மீட்டரை விட்டேன்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.

எண்ணூறு பேரின் மூச்சு அது.
ஈரக் கூந்தல், சாம்பார் ஆவி,
சம்பந்திகள் இழுத்துவிட்ட பெருமூச்சு,
உப்பை உடம்பிலேயே விட்டுவிட்டு
தண்ணீர் மட்டும் சுவர் வழியே இறங்கி வந்திருக்கிறது.

ஆனால் இதற்கு எதிர்த்து நிற்கத் தெரியாது,
உள்ளே தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.
போருக்கு ஊற்றிப் பழகிய கை சற்றே சாய்ந்தாலும்
மூன்றுக்கு விழுந்துவிடும்.
அதனால் முதலில் உரம், ஏ தனியே, பி தனியே
(நேருக்கு நேர் சந்தித்தால் இரண்டும் திரிந்த பால்).
அப்புறம் ஆசிட், சிரிஞ்சில், சொட்டாக.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில்
கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்.
எனக்கு அதுதான் கஷ்டம்.

வைகாசியில் முகூர்த்தத்துக்கு ஒரு டிரம் நிறைந்தது.
இன்று ஆடி மூன்று.
மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. பாசி வெளுக்கிறது.
வெயிலில் செடி தண்ணீரைக் குடித்துவிட்டு
உப்பை மிச்சம் வைக்கிறது:
ஒன்று புள்ளி ஆறு, ஒன்று புள்ளி ஏழு.
கடைசி டிரம்மில் முழங்கை ஆழம்.

துணி காயப்போட வந்த தேவகிருபை
டிரம்மை எட்டிப் பார்த்தாள். என்னையும்.
"எங்களுக்கு ஏது ஆடி?
வர்ற வியாழன் என் தம்பி ரிசப்ஷன், அதே மண்டபம்தான்.
பாதி வாடகைக்கு விட்டாங்க.
பதினொண்ணையும் போடச் சொல்லியிருக்கேன்."

வாழ்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.
"எத்தனை பேர் வருவாங்க?" என்றேன்.

ஒரு கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே
"அறுநூறு" என்றாள்.
"நீ வந்தா அறுநூத்தி ஒண்ணு."